கொடுவாவுக்கு வந்த வயிற்றுக்கோளாறு

கொடுவா மீனுக்கு வாய்தான் பெரிசு. வயிறு கைக்குழந்தையின் வயிறு. தீவனம் கொஞ்சம் பழசானாலும் சேராது. ஜமாத்தார் உங்களுக்கெல்லாம் வலையில் வரும் மீன்தான் பழக்கம், வளர்த்த மீனைத் தெரியாது. அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

சவூதியில் தம்மாமிலிருந்து திரும்பியதும் புதுமடத்தில் எங்கள் தோப்புக்குப் பின்னால் குளம் வெட்டிக் கொடுவா விட்டேன். பிள்ளை இல்லாத குறையை அவைதான் தீர்த்தன. இது நான் சொல்வது. என் மனைவி சாலிஹா அப்படிச் சொன்னதில்லை.

போன மழைக்காலத்தில் மீன்கள் தீவனத்தை விட்டு ஒதுங்கின. கழிவு வெள்ளை நூலாக மிதந்தது. பார்த்துப் பார்த்து எனக்கும் சோறு இறங்கவில்லை. தீவனம் விற்பவர் ஒரு தூள் கொடுத்தார். புரோபயாட்டிக். குடலில் நல்ல கிருமிகளைக் குடியேற்றிக் கெட்டதை விரட்டுமாம். தீவனத்தில் கலந்து போடச் சொன்னார்.

முன்பின் தெரியாத பொருளை எப்படி உடனே போடுவது? வேறு யாருக்காவது கொடுத்துப் பார்ப்பதுதான் பொறுப்பு.

அந்த வாரம் என் கொழுந்தியாளுக்கு நிச்சயதார்த்தம். மாமனார் சதக்கத்துல்லா வீட்டில் இரு பக்கத்து ஆட்களும் விருந்துக்கு வந்திருந்தார்கள். ஒரு சஹன் தட்டைச் சுற்றி நாலு பேர், மொத்தம் ஆறு சஹன். நம் வழக்கம் இந்த வேலைக்கு எவ்வளவு தோது என்று அன்றுதான் கவனித்தேன். பாதி சஹனுக்குத் தூள் கலந்த மோர், பாதிக்கு வெறும் மோர். ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரே ஒரு சிக்கல். எல்லோருக்கும் வயிறு நன்றாக இருந்தது. நல்ல வயிற்றில் தூளின் குணம் எப்படித் தெரியும்? அதனால் வந்தவுடன் கொடுத்த நன்னாரி சர்பத்தில் பேதி மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். பாரபட்சம் இல்லாமல் எல்லோருக்கும்தான். நான் குடிக்கவில்லை. கவனித்துக்கொள்ள ஒருவர் தெம்பாக இருக்க வேண்டும் அல்லவா?

அந்த வீட்டில் கழிப்பறை ஒன்றுதான். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. மாப்பிள்ளை கைலியைப் பிடித்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் ஓடினார். பஸ் ஏறும் நிலையில் யாரும் இல்லாததால் எல்லோரும் அங்கேயே தங்கினார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. சஹன் மாறாமல் மோர் கொடுத்துவந்தேன்.

மறுநாள் காலையில் தூள் மோர் குடித்தவர்கள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமனார் வெறும் மோர் சஹன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மருமகனே, அவுகளுக்குக் குடுத்த மோருல எனக்கும் ஒரு வாய் குடுங்க. இது கேக்க மாட்டேங்குது" என்றார்.

"எல்லாம் ஒரே மோருதான் மாமா" என்றேன். ஒரு வாய் கொடுத்தாலும் ஒப்பிட்டது வீணாகிவிடும்.

மதியம் அவரை ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். மெலிந்தபின் முகம் முன்னைவிடக் களையாகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்தை முறித்துக்கொண்டு போனார்கள். வயிற்றுப்போக்குக்காகப் பெண்ணை வேண்டாம் என்பவர்களிடம் அந்தப் பிள்ளை சிக்காமல் போனதும் நல்லதுதான்.

சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் மாத்திரை அட்டையைச் சாலிஹா பார்த்துவிட்டாள். கேட்டாள், ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். சட்டையை நனைக்காமல் கொடியில் போட்டுவிட்டு வந்தாள்.

"ஏன் மச்சான், குளத்துல அத்தன மீனு கெடக்கே. அதுல ரெண்டுக்குப் போட்டுப் பாத்திருக்கலாம்ல?"

கேட்கிற கேள்வியா இது? நோயில் கிடக்கிற மீனுக்கு, குணம் தெரியாத தூளை.

அவள் பிரிந்து போக ஜமாத்தில் கேட்டிருப்பதாகச் சொன்னீர்கள். எனக்கும் சம்மதம். நெஞ்சில் ஈரமில்லாதவளோடு இனி எப்படிக் குடும்பம் நடத்துவது?