பிரச்சினையே இல்லாத நாப்பத்திரண்டு வீடு

— இல்லைங்க மிஸ். போன மாசம் வந்து கேட்டப்பவும் இல்லைன்னுதான் சொன்னேன், இப்பவும் இல்லைன்னுதான் சொல்லுறேன். சட்டப் பிரச்சினை எங்களுக்கு எதுக்கு? தேத்தண்ணியக் குடிங்க, ஆறிப் போகுது.

— நாகலெட்சுமி அக்கா, அதுதான் எனக்கு விளங்கல. இந்தக் கீழ் டிவிசன்ல நாப்பத்திரண்டு வீட்டுக்கும் நானே போய்க் கேட்டேன். நாப்பத்திரண்டு பேரும் ஒரே பதில். ஆராய்ச்சி ஒபிஸ்ல எங்க பெரியவரு பாரத்தையெல்லாம் பாத்துட்டு, "சுலக்ஷனா, நீ தோட்டத்துக்குப் போனியா, சொர்க்கத்துக்குப் போனியா?"ன்னு கேக்குறாரு.

— கேட்டாரா? பாத்தீங்களா, எவ்வளவு நல்ல பேரு! சங்கத் தலைவர் நல்லமுத்து அண்ணன் அன்னைக்குக் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுலயே சொல்லிட்டாரு. "சுத்தமான லயத்து வீடுங்களுக்குப் பரிசு குடுத்த மாதிரி இதுக்கும் குடுப்பாங்க, ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது"ன்னு. மூணு தடவை சொல்ல வச்சுப் பழக்குனாரு. றிச்சர்டுக்குத்தான் சரியா வரல. "இருக்கு"ன்னுட்டு அப்புறம் "இல்ல"ன்னான்.

— ஒத்திகை வேற பாத்தீங்களா!

— பின்ன? மேல் டிவிசன்காரனுங்க வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டிட்டானுங்களாமே. முப்பத்தொரு பிரச்சினையாம்! அதக் கேட்டு நாங்க கொழுந்தெடுக்குற மலையில சிரிச்ச சிரிப்பு இருக்கே, கங்காணி வந்து ஏசிட்டுப் போனாரு.

— அந்த முப்பத்தொண்ணுக்காகத்தான் மாசத்துல ஒரு நாள் அங்க வழக்குப் பேசுற லோயர் ஒருத்தர் வருவாரு போல. சல்லி ஒண்ணும் வாங்க மாட்டாரு.

— எங்க வரப் போறாரு?

— மேல் டிவிசனுக்கு. எந்தப் பக்கம் பிரச்சினை கூடவோ அங்கதான் லோயர அனுப்புறதுன்னு பேச்சு. ஆராய்ச்சியே அதுக்குத்தான். நாளைக்கு ஹட்டன்ல கூட்டம் வச்சு முடிவெடுக்குறாங்க.

— அவனுங்களுக்கா? மிஸ், பேனாவ எடுங்க.

— இப்பதானே இல்லைன்னீங்க?

— அது தேத்தண்ணிக்கு முன்னால. எழுதுங்க. ஜொய்சி வீட்டுச் சேவல் நடுச்சாமத்துலயே கூவித் தொலைக்குது. அப்புறம் இந்தப் பெற்றீசியா, பைப்படியில என் வாளியத் தள்ளிட்டு அவ வாளிய வைக்கிறா.

— அக்கா, சேவலுக்கெல்லாம் லோயர் வர மாட்டாரு.

— பத்தாதோ? ரெண்டு சேவல்னு போடுங்க.

— பொய்யா எழுத முடியாதுக்கா. உண்மையா நடந்தது வேணும். உங்களுக்குச் சொந்தமான எதையாச்சும் யாராச்சும் எடுத்துக்கிட்டாங்களா? பொலிசுக்குப் போயும் ஒண்ணும் நடக்காமத் திரும்பி வந்தீங்களா?

— பொலிசுக்குப் போனேன்தான். ஆனா அது பிரச்சினை இல்ல மிஸ், அது மாடு.

— மாடா?

— லயத்துக்குப் பின்னால என் கரட் பாத்தி இருந்துச்சு. நானும் எங்க வீட்டுக்காரரும் பதினெட்டு வருசமாக் கல்லுப் பொறுக்கி உண்டாக்குன எடம். அவரு போய்ச் சேந்து ஒரு மாசம் ஆகல, அதுல மாட்டுப்பட்டி வந்துருச்சு. இப்ப மழை பேஞ்சா சாணித் தண்ணி நேரா அடுப்படிக்கே வருது. ரெண்டு தடவை அடுப்ப மாத்திப் போட்டேன், அதுவும் தேடிக்கிட்டு வருது.

— அக்கா! இது பிரச்சினை இல்லையா?

— இதெல்லாமா பாரத்துல வரும்? நீங்க கோட்டு, வழக்குன்னுல்ல கேட்டீங்க.

— சரி, பொலிசுல என்ன சொன்னாங்க?

— அவங்க சிங்களத்துல எழுதினாங்க, நான் தமிழ்ல கையெழுத்து வச்சேன். பொறவு ஜெயந்தினி டீச்சர் வாசிச்சுட்டுச் சொல்லுறா, மாட்டுப்பட்டிக்கு நான் மனசாரச் சம்மதம் குடுத்ததா எழுதியிருக்காம்.

— கடவுளே! யாரோட மாடு அது?

— கறுப்பு வெள்ளை மாடு.

— நிறம் கேக்கலக்கா. சொந்தக்காரர்?

— ஒருத்தரு.

— அந்த ஒருத்தருக்குப் பேரு இருக்குமே?

— மாட்டுக்கு ராணின்னு பேரு. அதப் போட்டா ஆகாதா?

— அக்கா, விளையாடாதீங்க. நாளைக்கு நான் எந்திரிச்சு, கீழ் டிவிசன் பதிலெல்லாம் பிழை, திரும்பக் கேக்கணும்னு சொன்னா, ஏன் பிழைன்னு கேப்பாங்க. தலைவர் சொன்னாருன்னு மட்டும் சொன்னா ஏத்துக்க மாட்டாங்க. உங்களப் பாத்தாலும் அவரு சொன்னதக் கேக்குற ஆளாத் தெரியலையே?

— அது சரிதான். வேலைநிறுத்தத்துலயே அந்த மனுசன் பேச்ச நான் கேக்கல.

— பின்ன எங்கிட்ட ஏன் மறைச்சீங்க? நானும் கொட்டகலையில லயத்துல பொறந்தவதான். வாசல்ல நின்னு எவ்வளவு தன்மையாக் கேட்டேன்!

— தன்மையாத்தான் கேட்டீங்க, உங்கமேல குத்தமில்ல. அந்தப் பாத்திய நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது மிஸ். லோயர் இல்ல, யாரு வாங்கிக் குடுத்தாலும் கும்பிடுவேன். ஆனா...

— ஆனா என்ன? இப்ப நீங்களும் நானும்தான் இருக்கோம். சொல்லுங்க.

— அன்னைக்கு நீங்க மழையில நனைஞ்சுறக் கூடாதுன்னு, நாப்பத்திரண்டு வீட்டுக்கும் உங்க பின்னாலயே குடை பிடிச்சுக்கிட்டு வந்தாரே எங்களுக்குப் பேரு போடுற கணக்கப்பிள்ளை, அவரு மாடுதான் மிஸ்.