மச்சான் பேருல ஒரு கிட்

ஹலோ... ஹலோ, ராக்கெட் கடைங்களா? ... அப்பாடா! காலையிலேருந்து பதினேழு தடவை அடிச்சுட்டேன் மேடம். எங்கேஜ்டு, எங்கேஜ்டு, எங்கேஜ்டு... ஆமா, ஆமா, நாமளே ஒட்டிச் செய்யற அந்தப் புது ராக்கெட் கிட் விஷயமாத்தான். நாலு இன்ஜின் ஒண்ணா பத்திக்கிட்டு மேல போகுமே, அது. வெள்ளிக்கிழமை வருதுல்ல? ... வருதா! எத்தனை? ... பத்தேதானா?

இல்ல மேடம், எனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு. முன்பதிவு ரத்துன்னு. மூணு மாசமா உங்க நோட்டீஸை பர்ஸுல மடிச்சு வெச்சுக்கிட்டுத் திரியறேன், மடிப்புல படமே அழிஞ்சு போச்சு, இப்போ வந்து ரத்துன்னா எப்படி? ... ம், பாருங்க, பாருங்க... ஏன் உங்க குரல் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு? ... ஓ, ஸ்பீக்கரா. பெட்டி கட்டுறீங்களா. கட்டுங்க, கட்டுங்க, காது மட்டும் இங்க இருந்தா போதும்.

... ஆமா, அந்தப் பேருதான். ... என்னது? அதே பேருல இன்னொண்ணா? ... ஒரு பேருக்கு ஒண்ணுதான், ரெண்டு வந்தா ரெண்டுமே ரத்தா? அது என்ன ரூலு! ... சரி சரி, கத்தல. அந்த இன்னொண்ணு எந்த நம்பர்லேருந்து... ஐயோ. ஐயையோ! அது அவரோட நம்பராச்சே. அவரே போட்டுட்டாரா!

கெட்டேன் மேடம். நான் கெட்டேன்.

... இல்ல, அது என் பேரு இல்ல. ... திருட்டுத்தனமெல்லாம் இல்லீங்க! என் மச்சான் பேரு. என் பொண்டாட்டியோட அண்ணன். அவருக்கு வாங்கிக் குடுக்கலாம்னு அவர் பேருல நான் போட்டேன். அவருக்குத் தெரியாது. மூணு மாசமா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது... அவர் பாட்டுக்கு ஒழுங்கா போட்டு வெச்சிருந்ததை நான் நல்லது பண்றேன்னு போய்க் கெடுத்துட்டேன் பாருங்க. என்னோடதைக் கிழிச்சுப் போடுங்க. அவரோடதை மட்டும் திருப்பிப் போட்டுடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ... காரணம் எழுதணுமா? ... அடுத்தவங்க பேருல ஏன் போட்டேன்னா? ... முதலாளி கேப்பாரா... அடடா...

... இருக்கேன், லைன்லதான் இருக்கேன். சொல்றேன். வெளியில சொல்லிடாதீங்க.

மச்சான் புத்தக பைண்டிங் பண்றவரு மேடம். காகிதத்தைச் சுருட்டி, பசை தடவி, காய வெச்சு, தேய்ச்சு, எட்டு மாசம் உக்காந்து ஒரு ராக்கெட் செஞ்சாரு. அதுவும் நாலு இன்ஜின்தான். எங்க ராக்கெட் கிளப் கூட்டாளிங்க எல்லாரும் மைதானத்துல கூடி நிக்கறாங்க. அஞ்சு, நாலு, மூணுன்னு எண்ணி பட்டனை அழுத்தினா... ஒரே ஒரு இன்ஜின்தான் பத்திச்சு. ஆள் உயரம் எழும்பி, ஒரு பக்கமா சாஞ்சு, நேரா போய்க் காம்பவுண்டு சுவத்துல மோதி எரிஞ்சு போச்சு. கரிதான் மிச்சம். மனுஷன் அந்தக் கரியை டவல்ல அள்ளி மடிச்சாரு மேடம், கண் கொண்டு பாக்க முடியல.

... ஆமா... ஆமா, எல்லாரும் ஏன், ஏன்னு கேட்டாங்க. நான்தான் முந்திக்கிட்டேன். 'மருந்து நமுத்துப் போச்சு, மச்சான் இன்ஜினை ஈரத்துல வெச்சுட்டாரு'ன்னேன். ... இல்ல. நமுக்கல. ஒயரிங் என்னோடது. நாலு இன்ஜினுக்கும் பத்த வைக்கிற கம்பியைத் தனித்தனியா பேட்டரிக்குக் குடுக்கணும். நான் ஒண்ணு பின்னால ஒண்ணா, பூ கோக்கற மாதிரி கோத்துட்டேன். முதல் கம்பி எரிஞ்சு அறுந்துச்சு, மீதி மூணுக்கும் கரண்டே போகல.

நான் யாரு தெரியுமா? எலக்ட்ரீஷியன்! இருபது வருஷமா வீடு வீடா ஒயர் இழுக்கறவன்! ... சிரிங்க, சிரிங்க. இதை வெளியில சொன்னா நாளைக்கு எவன் என்னை ஒரு பல்பு மாட்டக் கூப்பிடுவான்? அந்த பயத்துல வாயை மூடிக்கிட்டேன். அவரைப் பாத்து எல்லாரும் 'ஈர மருந்து, ஈர மருந்து'ன்னு கேலி பண்ணாங்க. அவரு கிளப் கூட்டத்துக்கு வர்றதையே நிறுத்திட்டாரு. இப்போ இந்தக் கிட்டும் என்னால போச்சுன்னா நான் மனுஷனே இல்ல மேடம். கெஞ்சிக் கேக்கறேன், போட்டுடுங்க...

... ஹலோ? ... யாரு அங்க தொண்டையைச் செருமினது? ... இல்ல, இல்ல, அந்தச் செருமல் எனக்குத் தெரியும். மேடம், கவுன்டர்ல யாரு நிக்கறாங்க?

... மச்சான்?

... எவ்வளவு நேரமா நிக்கறீங்க? ... ம். ... ரத்து ஏன்னு கேக்க வந்தீங்களா. ... ம். ... ஆமா மச்சான், நான்தான் கோத்தேன். ... தெரியும். அன்னிக்கே தெரியும். சுவத்துல மோதறதுக்கு முன்னாடியே தெரியும். ... திட்டுங்க. நல்லாத் திட்டுங்க, மூணு மாசமாச்சு உங்க வாயால திட்டு வாங்கி...

... யாருகிட்ட சொல்லணும்? உங்க தங்கச்சிகிட்டயா? ... இல்ல, அவகிட்டயும் மருந்து நமுத்துச்சுன்னுதான் சொல்லியிருக்கேன். ... இப்பவேவா? உங்க காது கேக்கவா? மச்சான், கூட்டாளிங்க எல்லாரையும் கூட்டி வேணா சொல்றேன், அவகிட்ட மட்டும்... ... சரி. சரி. வெச்சுடாதீங்க.

அடியே, இங்க வா. அந்த மிக்ஸியை நிறுத்து. லைன்ல உங்கண்ணன்... அழாத, அழாத, முதல்ல கேளு. அந்த ராக்கெட்... உங்கண்ணன் மேல தப்பில்ல. ஒயரைத் தப்பா கோத்தது நான். தெரிஞ்சேதான் பழியை அவர் மேல போட்டேன்.

... மச்சான், சொல்லிட்டேன். கேட்டுச்சா? ... அவ உள்ள போயிட்டா. ... இருங்க, பாக்கறேன்... செருப்பைத் தேடறா மச்சான். ... தெரியல, கடைக்குக் கிளம்பவா, என்னை அடிக்கவான்னு தெரியல. ... ஐயோ, வர்றா. வெச்சிடறேன்...