புதன்கிழமைக்குள்ள ஓடணும்

பாத்து தம்பி, பாத்து. அந்தச் சின்னப் பொட்டிய கவுத்துடாதீங்க, அதுலதான் பிராசஸர் இருக்கு. இல்ல, நான் வெளிய எடுக்கல. ஒரு தடவ மூடியத் திறந்தேன், அப்படியே மூடி வச்சிட்டேன். உங்க கண்ணு முன்னாடியே மாட்டிக்கலாம்னு கேபினெட்டப் பஸ்ஸுல காலடியில நிறுத்திட்டு, மிச்ச ஆறு பொட்டியையும் ரெண்டு பையில போட்டு மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன். பக்கத்துல உக்காந்தவரு, என்னம்மா உள்ள குழந்தையாங்கறாரு. குழந்தையக்கூட யாரும் இப்படி இறுக்கிப் புடிக்க மாட்டாங்க.

யாருக்கா? வீட்டுக்குத்தான். விளையாடறதுக்கெல்லாம் இல்ல. ஒரு வேலை இருக்கு, அதுக்கு இந்த அளவு பலமான மெஷின்தான் வேணுமாம். புதன்கிழமைக்குள்ள இது ஓடணும் தம்பி, அவ்வளவுதான். இன்னைக்கு வெள்ளி. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். நாலே நாள். அதுக்கப்புறம் நீங்க இத தங்கத்துல செஞ்சு குடுத்தாலும் எனக்குப் பிரயோசனம் இல்ல. ஏன்னு அப்புறம் சொல்றேன், மொதல்ல பாருங்க.

உங்க கடையிலயே கட்டித் தரச் சொல்லிக் கேட்டேனே. வாசல்ல உக்காந்திருக்காரே, அவரு மூணு வாரம் ஆகும்னுட்டாரு. அதனாலதான் சாமான் எல்லாத்தையும் நானே பாத்துப் பாத்து வாங்கினேன். நீங்க சாப்பாட்டு நேரத்துல பாக்குறேன்னு சொன்னதே பெரிய விஷயம். சாப்டீங்களா? பொய் சொல்லாதீங்க, டப்பா திறக்காம அப்படியே இருக்கு.

எனக்கா? ஒண்ணும் தெரியாது தம்பி. நான் தையக்காரி. கோட்டு, யூனிஃபார்ம், பழசப் பிரிச்சு அளவு மாத்திக் குடுக்கறது. இருபத்தெட்டு வருஷமா மெஷின்னா எனக்கு மிதிக்கிற மெஷின்தான். கம்ப்யூட்டர் கட்டுறவங்க நெட்டுல ஒரு குழு வச்சிருக்காங்க, அதுல போய்க் கேட்டேன். பாதிப் பேரு கிண்டல் பண்ணாங்க. ஒருத்தரு மட்டும் பொறுமையா பதில் சொன்னாரு. பேரு தெரியாது, பேருக்குப் பக்கத்துல கரடிப் படம் வச்சிருப்பாரு. நானும் கரடின்னே கூப்பிடுறேன், அவரும் கோவிச்சுக்கல. பிராசஸருக்கு ஏத்த போர்டு, போர்டுக்கு ஏத்த ராம், கார்டுக்கு ஏத்த பவர் சப்ளை, எல்லாத்துக்கும் ஏத்த கேபினெட். ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகலன்னா அத்தனையும் வெறும் இரும்புன்னாரு. கல்யாணத்துக்குப் பொருத்தம் பாக்கறவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்க.

போர்டும் பிராசஸரும் சேருதா? நிஜமாவா? அப்பாடா. இல்ல, அழல. கண்ணுல தூசி.

அந்த ராம்... அதுல ஒரு தப்பு பண்ணிட்டேன், சொல்லிடுறேன். மொதல்ல பழைய ரகத்த வாங்கிட்டேன். ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கு, நடுவுல இருக்கிற வெட்டு மட்டும் ஒரு நூலு தள்ளியிருக்கு. போர்டுல வச்சா உக்காரவே இல்ல. நான் கொஞ்சம் அழுத்தினேன். கொஞ்சமாத்தான். அப்புறம் கடையில மாத்திக்கிட்டேன், இது சரியான ரகம்தான். ஆனா அந்த அழுத்தினது இருக்கே, அது மனச அரிச்சுக்கிட்டே இருக்கு. உள்ள ஏதாவது நசுங்கியிருக்குமோ? டார்ச் அடிச்சுப் பாருங்களேன். நல்லாப் பாருங்க. அந்த ஓரத்துல? ஒண்ணும் இல்லையா? சத்தியமா?

சரி சரி, கை வைக்கல. தள்ளியே நிக்கிறேன். நைலான் துணி ஒண்ணும் உடுத்தல, சுத்தப் பருத்தி. நைலான்ல கரண்டு நிக்கும், தொட்டா சாமான் பொசுக்குன்னு போயிடும்னு கரடி சொன்னாரு. அத மட்டும் அவரு சொல்லணுமா என்ன, நைலானப் பத்தி எனக்குத் தெரியாததா?

அந்தப் பெருசுதான் கிராஃபிக்ஸ் கார்டு. ஆமா, பெருசுதான். இதுக்குச் சின்னது பத்தாதாம். பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தானே ஆகணும், அதுக்குத் தீனி போட அவ்ளோ பெரிய பவர் சப்ளை. ஒயரு மாறிச் சொருகினா உருகிடும்ங்கறாங்க, புகை வரும்ங்கறாங்க. எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது தம்பி. பொறவியிலயே இல்ல, பதினாறு வயசுல காய்ச்சல் வந்து போயிடுச்சு. நான் கடைக்குப் போயிட்டா அவரு தனியாத்தான் இருப்பாரு. புகை வந்தா எந்தப் பக்கம் ஓடுவாரு? அதனால ஒயர மட்டும் ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாத்துடுங்க.

அவருகிட்ட இந்தக் கார்டக் கையில குடுத்தேன். தடவிப் பாத்துட்டு, செங்கல்லா வாங்கிட்டு வந்திருக்க, எதுக்கு இவ்ளோ பாடுன்னாரு. உங்களுக்குப் புத்தகம் வாசிச்சுக் காட்ட ஒரு மெஷின்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்கு நீ இருக்கியேன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டாரு.

என்ன, ஏன் நிறுத்திட்டீங்க? என்ன இடிக்குது?

இருக்காதே. நான் அளந்தேன் தம்பி. என் டேப்பாலயே அளந்தேன். கார்டு முப்பத்திமூணரை. கேபினெட்டு உள்ள முப்பத்தாறு. ரெண்டரை மிச்சம் இருக்கணும். எந்தத் தையக்காரியாவது ரெண்டரை சென்டிமீட்டர் தப்பா அளப்பாளா? காட்டுங்க. முன்னாடி இருக்கற இது என்ன... கூலரா? தண்ணி ஓடுற அந்தப் பட்டை, அதுக்கு மேல மூணு ஃபேனு. ஐயோ. இது மொத்தம் அஞ்சு இருக்கும் போலிருக்கே. ஐயோ, இத நான் கணக்குலயே எடுக்கலயே.

லைனிங்க விட்டுட்டேன் தம்பி. கோட்டுக்கு உள்ள லைனிங் வச்சா எடம் குறையும்னு நேத்து தொழிலுக்கு வந்த பொண்ணுக்குக்கூடத் தெரியும். எத்தனை பேர அதுக்காகத் திட்டியிருக்கேன். நானே வெறும் கூட்ட அளந்துட்டு வந்து நிக்கிறேன் பாருங்க. இனி வேற கேபினெட்டு எங்க தேடுவேன்? சனி, ஞாயிறு கடை திறந்திருக்குமா? திங்கக்கிழமை வாங்கினா எப்பக் கட்டி, எப்ப ஓட்டி... இல்ல, உக்கார மாட்டேன். உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்.

என்ன சொன்னீங்க? மேலயா? கூலர முன்னாடி இருந்து கழட்டி மேல கூரையில மாட்டலாமா? எடம் இருக்கா? அந்த ஓட்டையெல்லாம் அதுக்குத்தானா? நான் அது காத்துக்குன்னு நெனச்சேன். ராம்ல இடிக்காதா? ஒரு விரல் எடம் போதுமா? போதும்னா மாட்டுங்க. தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனி சாண் என்ன முழம் என்ன. ஸ்க்ரூ இந்தாங்க, இந்தப் பையில தனியாப் போட்டு வச்சிருக்கேன். கையில ஊசி புடிச்சுப் பழக்கம், சின்னச் சாமான் தொலைக்க மாட்டேன்.

உக்காந்துடுச்சா? கார்டும்? அந்தக் கிளிக்னு கேட்டது நல்ல சத்தம்தானே?

இல்ல, நான் அமுக்க மாட்டேன். என் மெஷின்தான், இருந்தாலும் நீங்களே அமுக்குங்க. எனக்குக் கை வராது. இருங்க, ஒரு நிமிஷம். சரி, அமுக்குங்க.

ஃபேன் சுத்துது. சுத்துதே! ஸ்க்ரீன் ஏன் கருப்பா இருக்கு? எழுத்து ஒண்ணும் வரல. தம்பி, ஒண்ணும் வரலயே. நான் அழுத்தின எடம்தான், அதான் போயிடுச்சு. என்னது? மொதத் தடவ அப்படித்தான் இருக்குமா? புது ராமோட மெஷினு பழகிக்கணுமா? ரெண்டு மூணு நிமிஷம்கூட ஆகுமா? சரி. சரி. நீங்க சொன்னா சரிதான். நான் ஏதாவது பேசிக்கிட்டே இருக்கேன், இல்லன்னா மயக்கம் போட்டுடுவேன்.

யாருக்குன்னு கேட்டீங்கல்ல. எனக்குத்தான். புதன்கிழமை காலையில எனக்குத் தொண்டையில ஆபரேஷன் தம்பி. குரல் கரகரன்னு இருக்கே, சளின்னு நெனச்சிருப்பீங்க. நானும் ஆறு மாசம் அப்படித்தான் நெனச்சேன். குரல்வளையவே எடுக்குறாங்க. கட்டி முழுசாப் போயிடும், உசுருக்கு பயமில்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க. பேச்சு மட்டும் வராதாம்.

வேற வீடுன்னா பரவாயில்ல. எழுதிக் காட்டலாம், சைகை பண்ணலாம். எங்க வீட்டுல எதக் காட்டி என்ன ஆகப் போவுது? ஆஸ்பத்திரியில ஒரு கருவி குடுப்பாங்களாம், எழுத்து அடிச்சா அது பேசும். போட்டுக் காட்டினாங்க. அடுத்த நிறுத்தம் எதுன்னு பஸ்ஸுல சொல்லுவாளே, அவ குரலு. அந்தப் பொம்பள எங்க வீட்டுக்குள்ள வந்து, சாப்பிட வாங்கன்னு அவரக் கூப்பிட்டா அவரு வருவாரா? பயந்துடுவாரு தம்பி.

அதான் கரடி இந்த வழியச் சொன்னாரு. என் குரல இந்த மெஷினுக்குக் கத்துக் குடுத்துட்டா, நான் எழுத்து அடிக்கறத அது என் குரல்லயே சொல்லுமாம். சாயங்காலம் அவருக்கு நியூஸ்பேப்பர் வாசிப்பேன், அப்ப செல்ஃபோனப் பக்கத்துல வச்சுப் பதிஞ்சிருக்கேன். பதினோரு மணி நேரம் சேந்திருக்கு. ஆனா அது கத்துக்கிட்டுப் பேசறத நான் கேட்டுப் பாக்கணும்ல. எங்கயாவது இடறினா மறுபடி பேசிக் குடுக்கணும். செவ்வாய்க்கிழமை ராத்திரி வரைக்கும் குடுக்கலாம். அப்புறம் குடுக்கறதுக்கு எங்கிட்ட ஏது?

அவருக்கு இன்னும் தெரியாது. சின்னக் கட்டி, எடுத்துட்டா சரியாப் போயிடும்னு சொல்லியிருக்கேன். இது ஓடினாத்தான் மிச்சத்தச் சொல்லணும்னு இருக்கேன். ஓடலன்னா எப்படிச் சொல்லுவேன்? அதுதான் தம்பி பயம், ஆபரேஷன் இல்ல.

வந்துடுச்சா? எழுத்து வருது! இது நல்ல எழுத்துதானே, தப்பு எதுவும் சொல்லலயே? எல்லாத்தையும் கண்டுபிடிச்சிருக்கா, ராமு, கார்டு, எல்லாமே? இருங்க, செல்ஃபோன எடுத்துக்கறேன். இல்ல, படம் எடுக்கல. ஒண்ணு பதியணும், இப்பவே. பெருசா ஒண்ணுமில்ல, ஒரே ஒரு வார்த்தை. பதினோரு மணி நேரத்தையும் கேட்டுப் பாத்துட்டேன், நியூஸ்பேப்பர்ல எங்கயும் ஏங்கன்னு ஒரு வார்த்தை வரல. முப்பத்தோரு வருஷமா நான் அவர அப்படித்தான் கூப்பிடுறேன். வீட்டுல நாலு தடவ சொல்லிப் பதிஞ்சேன், நாலு தடவையும் குரல் நடுங்கிடுச்சு. பயந்த குரலே பதிஞ்சு போச்சுன்னா, அப்புறம் காலம்பூரா அவரப் பயந்துக்கிட்டேதானே கூப்பிடணும்? இப்ப கொஞ்சம் அடங்குன மாதிரி இருக்கு. நீங்க ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா தம்பி?