தீபாவளிச் சாயம்

“டாக்டர்கிட்ட சொவத்தப் பத்தி மட்டும் வாயத் திறக்காதே.”

மலேசியாவில், பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில், எனக்கு முன்சீட்டுக்காரர் மனைவியிடம் சொன்னார். அவர்களுடைய மகள் அம்மா மடியில் மூச்சிரைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

“ஏன் சொல்லக்கூடாது?”

“வீட்ட சுத்தமா வச்சிக்கலன்னு நினைப்பாங்க லா. மானம் போயிரும்.”

“பிள்ள மூச்சு விட முடியாம கெடக்கு. உங்களுக்கு மானமா?”

“தீபாவளிக்குத்தானே சொவத்துக்குப் புதுசா சாயம் அடிச்சேன்?”

“வருசா வருசம் அடிக்கிறீங்க. கூரை ஒழுகுறத யாரு அடைக்கிறது? ஈரம் உள்ளயே நிக்கிது. பொங்கலுக்குள்ள சாயத்தத் தள்ளிக்கிட்டு பூசணம் வெளிய வந்துருது.”

“மெதுவாப் பேசு. ஆளுங்க பாக்குறாங்க.”

அவள் காலடியிலிருந்த பையைத் திறந்து, ஒரு சின்னத் தலையணையை எடுத்து அவர் மடியில் போட்டாள். அதன் ஒரு பக்கம் முழுக்கக் கரும்புள்ளிகள்.

“பிள்ளயோடது. சொவத்தோரம் கெடந்துச்சு. இன்னைக்கு ராத்திரி நீங்க இதுல மூஞ்சிய வச்சுப் படுங்க. அப்படின்னா நான் டாக்டர்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு தலையணையைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே தெரியும்படி வைத்துக்கொண்டார்.