பூக்காரியின் மஞ்சள் குல்லா

“கொழந்த தலை பெருசாகிக்கினே போவுது, குல்லா சின்னதாகிக்கினே போவுது.”

முன்சீட்டில் இப்படி ஒரு குரல் கேட்டதும் நான் போனை அணைத்துவிட்டேன். வேங்கிக்காலிலிருந்து டவுனுக்கு வரும் மாலை பஸ் அது. பேசியவர் பூக்காரப் பெண். மடியில் மல்லிகைக் கூடை, கையில் மஞ்சள் உல்லன் நூலும் கொக்கி வைத்த குரோஷா ஊசியும். பக்கத்தில் அவருடைய தோழி.

“இது எலுமிச்சம்பழத்துக்குத்தான் சேரும் செல்வி” என்று தோழி சிரித்தார்.

“சிரிக்காத சுமதி. வெள்ளிக்கிழம தங்கச்சி கொழந்தைக்குப் பேர் வெக்கிறாங்க. கடையில வாங்காத, உன் கையால போட்டுக் குடுன்னு கேட்டுட்டா. ஊசி நொழையவே மாட்டேங்குது.”

“எப்படி நொழையும்? பூ கட்டற மாதிரி ஒவ்வொரு கண்ணியையும் சுண்டி இழுக்கற.”

“இழுக்கலன்னா உதிர்ந்துடுமே?”

“நூல் உதிராதுடி. கண்ணி ஊசித் தண்டு மேல லூசா உக்காரணும். அப்பதான் அடுத்த சுத்துல ஊசி உள்ள போவும்.”

“கடைசி சுத்த மட்டும் பிரிக்கட்டா?”

“மொத்தத்தையும் பிரி.”

செல்வி நூல் நுனியைப் பிடித்து இழுத்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கோயில் ஸ்டாப் நெருங்கும்போது ஊசி தடையில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது.

இறங்குவதற்கு முன் செல்வி தோழிக்கு ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளிக் கொடுத்தார். சுமதி ஒரு பூவை இழுத்துப் பார்த்தார்.

“இதையும் லூசா கட்டிடலையே?”

“போடி! வெள்ளிக்கிழம வந்து கொழந்த தலையில குல்லாவப் பாரு.”