வாசல் மேலிருந்த கல்

நடுச்சாமம். ஷாலா ஆற்றோரம், மலையை ஒட்டிப் போகும் ஒற்றையடிப் பாதை. மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. என் மனைவியின் தம்பி மாராஷ், கோவேறு கழுதையில் சோள மாவு ஏற்றிக்கொண்டு தனியாக வருகிறான்...

மாராஷ் பொய்யன்தான். நாய் என்று சொல்லிப் பாதிரியாரிடமே ஓநாயை விற்றவன். ஆனால் குடித்தால்தான் பொய் சொல்வான். இந்தக் கதையை ராக்கிச் சாராயம் தொடாத நாளில் மட்டுமே சொல்வான். அதனால் நம்புகிறேன்.

எங்கள் ஊர்க்காரி தீலேயின் வீட்டருகே கழுதை நின்றுவிட்டது. கருகிய கம்பளி நாற்றம். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நீர் சொட்டுகிற மாதிரி... ச்ச்... ச்ச்... சத்தம். கதவைப் பார்த்தபடி ஒருவன் நின்றிருந்தான்.

“எவன்டா அது?”

அவன் திரும்பவில்லை.

“நான்தான் லூகா, மாமா. அம்மாவ அந்தக் கல்ல எடுக்கச் சொல்லுங்க. உள்ள போக முடியல... குளிருது.”

லூகா தீலேயின் ஒரே மகன். மேய்ச்சல் காட்டில் இடி விழுந்து போனவன். எங்கள் பக்கம் அதைச் சாவு என்று சொல்வதில்லை. வானத்துக்காரர் ஸோய்ஸ் எடுத்துக்கொண்டார் என்போம். இடியோடு இறங்கும் கல் மண்ணுக்குள் ஆழமாய்ப் போய், வருஷக்கணக்கில் மெல்ல மேலே வரும். தீலே ஒவ்வொரு வசந்தத்திலும் அங்கே போய்த் தோண்டினாள். ஒருநாள் கிடைத்தது. கோடாலி முனைபோலக் கருங்கல். மகனுடையதென்று அது ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும் என, எல்லாரையும் போல வாசலுக்கு மேலே பதித்தாள். அந்தக் கல் இருக்கும் வாசலை வானத்து நெருப்பு தாண்டாது.

வானம் எடுத்துக்கொண்ட பிள்ளையும் தாண்டாது என்று யாருக்குத் தோன்றும்?

விடிந்ததும் மாராஷ் தீலேயிடம் போய்ச் சொன்னான்.

“ஓநாய் வித்தவன் தானேடா நீ. வானத்து மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினான். எங்களில் எந்தப் பொய்யனும் அந்தச் சத்தியத்தில் பொய் கலக்க மாட்டான். தீலே கதவை நோக்கித் திரும்பினாள்.

“மழை பெய்யறப்பல்லாம் கதவு தட்டுச்சு மாராஷ்... காத்துன்னு நெனச்சேன். எம்புள்ளைய நனைய விட்டுட்டு, உள்ள நெருப்புக் காஞ்சிட்டு இருந்திருக்கேனே!”

“வேணாம் அக்கா. கல்ல எடுத்தா, அவன் மட்டுமா வருவான்?”

“அவன் கூட எது வந்தா எனக்கென்ன?”

அன்றே உளி வைத்துப் பெயர்த்து, கல்லை ஆற்றில் போட்டாள்.

அடுத்த மழை வந்தது. ஒரே ஒரு இடி... அவ்வளவுதான்.

காலையில் மாராஷ் ஓடினான். கதவு விரியத் திறந்து கிடந்தது. வீட்டில் ஒரு கீறல் இல்லை. தரை காய்ந்தே இருந்தது. அடுப்பருகே சோள ரொட்டி, தட்டில் பாதி. தீலே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சில்லை. மடியில் மட்டும், ஒரு தலை சாய்ந்த அளவுக்குக் கம்பளிப் பாவாடை கருகியிருந்தது.

கையில் துண்டு... தலை துவட்டிய துண்டு.

சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.