பன்னெண்டாவது பல்லி

ஏன் மேடம், அந்தப் பல்லிக் கட்டுரைய அனுப்பிட்டீங்களா? இன்னும் இல்லியா? சாயங்காலமா... அப்பாடா. இல்ல, சும்மாதான் கேட்டேன். நீங்க உங்க வேலையப் பாருங்க, நான் இந்தப் பல்லி பாட்டில் அலமாரியத் தொடச்சிக்கிட்டிருக்கேன்.

தொடச்ச இடத்தையே தொடைக்கிறேனா? ஆமால்ல. கை சும்மா இருக்க மாட்டேங்குது.

இந்த லேபுக்கு வேலைக்கு வந்த புதுசுல எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், செத்த பல்லிக்கெல்லாம் ஸ்பிரிட் ஊத்திக் குளிப்பாட்டுறேன்னு. மனுஷன் அன்னிக்கு என் கையால சோறு வாங்கலையே! இப்போ பல்லியப் பாத்தாலே ஊரச் சொல்லிடுவேன். வடக்குத் தீவுக்காரனுக்கு விரல் நுனி கரண்டியாட்டம் அகலம். தெற்குத் தீவுக்காரனுக்கு ஊசி. யாரும் சொல்லிக் குடுக்கல மேடம். மூணு வருஷமா மூஞ்சிக்கு மூஞ்சி பாக்கறேன், தெரியாதா?

அதான் போன வாரம் நீங்க தெற்கு பாட்டில்ல அகல விரல்காரன் ஒருத்தனப் பாத்துட்டு அந்தக் குதி குதிச்சீங்களே. வடக்குலேருந்து ஏதோ கட்டையப் புடிச்சிக்கிட்டு மிதந்து வந்திருக்கான், இதுங்க எல்லாத்துக்கும் பூர்வீகமே வடக்குதான்னு கட்டுரையும் எழுதிட்டீங்க. அதுல ஒரு சங்கதி இருக்கு மேடம்.

சொல்றேன், சொல்றேன். அப்படிப் பாக்காதீங்க.

ஒரு பாட்டில மூடிட்டுத்தான் அடுத்ததத் தொறக்கணும். தெரியும். ஆனா போன மாசம் ஸ்பிரிட் மாத்துறப்போ பள்ளிக்கூடத்துலேருந்து போனு. பாப்பாவுக்கு ஒடம்பு கொதிக்குதாம். அரக்கப்பரக்க வடக்கு, தெற்கு ரெண்டு பாட்டிலையும் ஒண்ணாத் தொறந்துட்டேன். எல்லாத்தையும் உள்ள போட்டப்புறம் தட்டுல ஒருத்தன் மட்டும் மிச்சம். எந்த வீட்டுப் புள்ளன்னு நின்னு பாக்கல. கைக்கு எட்டின பாட்டில்ல போட்டு மூடிட்டு ஓடிட்டேன்.

வடக்குத் தீவுக்குப் பன்னெண்டுன்னு பல்லி புடிச்சவரோட நோட்டு சொல்லுது, பாட்டில்ல பதினொண்ணுதானே இருக்கு? எழுதின மகராசனுக்கு எண்ணத் தெரியலன்னு சிரிச்சீங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சேன், பாவி.

அவருக்கு எண்ணத் தெரியும் மேடம். அந்தப் பல்லி கடலத் தாண்டல. இந்த மேசையத்தான் தாண்டுச்சு, என் கையால.

ரெண்டு பாட்டிலும் இந்தாங்க, எடுத்து வச்சிருக்கேன். நீங்களே விரலப் பாருங்க. என்னை வேலைய விட்டு அனுப்பணும்னா நாளைக்கு அனுப்புங்க. இன்னிக்கு அந்தக் கட்டுரைய மட்டும் அனுப்பாதீங்க மேடம்.